தாத்தாவின் கேசலை எடைக்குப் போடலாமா? கம்பெனி மூடிய காரை வைத்துக் காப்பாற்றுவது எப்படி

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்ததை நீக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு கடிதத்துல இருந்து ஆரம்பிக்குது. திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அவங்க தாத்தாவோட கார் ஒண்ணு வீட்டுக் கொட்டகையில நிக்குது. ஸ்டாண்டர்ட் கேசல், 1974 மாடல். பதினெட்டு வருஷமா ஓடலை. வீட்டை விக்கிறாங்க, தை மாசத்துக்குள்ள காலி பண்ணணும். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துட்டு எடைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். "அந்தக் கம்பெனியே இல்லைங்களே, ஒரு போல்ட் கூடக் கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. குடுத்துடலாமா அண்ணா?" இதுதான் கேள்வி.

இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. ஏன்னா "கம்பெனி இல்லை"ங்கறதும் "ஒரு போல்ட் கூடக் கிடைக்காது"ங்கறதும் ஒண்ணு இல்லை. மூடிப்போன ஒரு கார் கம்பெனியோட வண்டியை வச்சுக்கறவங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயமே அதுதான். என்கிட்டயும் அதே கம்பெனியோட ஒரு ஹெரால்ட் மார்க் 3 இருக்கு, அப்பா வாங்கினது. அதனால பட்ட அனுபவத்தையும் சேர்த்தே சொல்றேன்.

யார் இந்த ஸ்டாண்டர்ட்?

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1903-இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடியும் நேரத்தில் அவர்கள் டிரையம்ஃப் கம்பெனியை வாங்கினார்கள். பிறகு 1960களின் தொடக்கத்தில் லேலண்ட் இவர்களை வாங்கியது. "ஸ்டாண்டர்ட்" என்ற சொல்லுக்கு ஆரம்பத்தில் உயர்ந்த தரம் என்று பொருள் இருந்தது. போகப்போக "சாதாரணமானது, கூடுதல் வசதி எதுவும் இல்லாதது" என்கிற அர்த்தம் வந்துவிட்டது. அதனால் 1963-லேயே இங்கிலாந்தில் கார்களுக்கு அந்தப் பெயரை வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனா நம்ம ஊர்ல அந்தப் பேர் இன்னும் 25 வருஷம் வாழ்ந்துச்சு. 1940களின் கடைசியில் சென்னையில் யூனியன் கம்பெனியோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்ல போன பழைய ஆளுங்க இன்னும் அந்த இடத்தை "ஸ்டாண்டர்ட் கம்பெனி"ன்னுதான் சொல்வாங்க. வான்கார்ட்ல ஆரம்பிச்சு, அப்புறம் எய்ட், டென், பென்னன்ட்னு வந்தது. 1961-இல் ஹெரால்ட் வந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராசில் ஹெரால்ட். அடுத்த இருபது வருஷத்துக்கு இந்தியாவில் கார் வாங்கணும்னா பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான்.

ஹெரால்ட் இங்கே படிப்படியா மாறுச்சு. 1960களின் கடைசியில் நாலு கதவு மார்க் 3 வந்தது. 1972-இல் அதையே கொஞ்சம் மாத்தி கேசல். 1970களின் பிற்பாதியில் கார் உற்பத்தி நின்னு, வேன் மட்டும் செஞ்சாங்க. கடைசியா 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் எஸ்.டி.1 காரோட உடம்பு, ஆனா உள்ளே வான்கார்ட் காலத்து எஞ்சினோட வம்சத்துல வந்த 1991 சிசி எஞ்சின். விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிச்சது. அதே நேரம் மாருதி வந்தாச்சு. 1988-இல் கதை முடிஞ்சது.

கம்பெனி செத்தா பார்ட்ஸும் செத்துடுமா?

இங்கதான் முக்கியமான விஷயம். ஒரு காரில் இருக்கிற பாகங்களை மூணு கூடையாப் பிரிச்சுக்குங்க.

முதல் கூடை: வெளியாட்கள் செய்தது. எந்தக் கார் கம்பெனியும் எல்லாத்தையும் தானே செய்றதில்லை. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், பிரேக் சிலிண்டர், பேரிங், ஆயில் சீல் எல்லாம் வெளியிலிருந்து வரும். லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா இரண்டும் 1960களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் பிறந்தவை. இன்னிக்கும் இருக்காங்க. அந்தத் தலைமுறை கார்களோட மின்பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க மாதிரி. பேரிங்கையும் சீலையும் எடுத்துட்டுப் போனா அளவு பார்த்துக் குடுத்துடுவாங்க, எந்தக் கார்னு கேட்கக்கூட மாட்டாங்க.

இரண்டாவது கூடை: வெளிநாட்டு அண்ணன் தம்பிகளோடு பொதுவானது. ஹெரால்டோட 948 சிசி எஞ்சின் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் 803 சிசியா ஆரம்பிச்ச எஞ்சின் அது. அதையே பெருசாக்கிப் பெருசாக்கி டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் 1493 சிசி வரைக்கும் கொண்டுபோனாங்க, 1980 வரை ஓடுச்சு. இங்கிலாந்தில் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் வச்சிருக்கறவங்க இன்னும் நிறையப் பேர். அதனால கேஸ்கெட், வாட்டர் பம்ப், முன்சக்கர சஸ்பென்ஷன் பாகங்கள் அங்கே இன்னிக்கும் புதுசாச் செஞ்சு விக்கறாங்க. கப்பல் கூலி, சுங்க வரி கட்டணும். ஆனா கிடைக்கும்.

மூணாவது கூடைதான் பிரச்சினை: நம்ம ஊரில் மட்டும் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்ட் சலூனுக்கு ரெண்டே கதவு. நாலு கதவு உடம்பு இந்தியாவுக்கு மட்டுமே. அப்போ மார்க் 3, கேசல் வண்டியோட பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, அதோட ரப்பர், கேசலோட முன்பக்கக் கிரில் இதெல்லாம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பெருங்களத்தூரில் செஞ்சது மட்டும்தான்.

நான் இதைத் தெரிஞ்சுக்காம மாட்டினேன். வண்டியைப் பெயின்ட் பட்டறைக்கு அனுப்பினப்போ பின்பக்க இடது கண்ணாடி உடைஞ்சது. நான் சாதாரணமா, "சரி விடுங்க, எஞ்சின் பார்ட்ஸே கிடைக்குது, கண்ணாடி கிடைக்காதா"ன்னு நினைச்சேன். எஞ்சின் பாகம் மூணு வாரத்துல வீடு வந்துடுச்சு. கண்ணாடிக்குப் பதினாலு மாசம் அலைஞ்சேன். புதுப்பேட்டையில கேட்காத கடை இல்லை. கடைசியில, ஓட்டுற நிலையிலே இல்லாத ஒரு மார்க் 3-யை முழுசா வாங்க வேண்டியதாச்சு, அந்த ஒரு கண்ணாடிக்காக.

அதனால பழைய கார் தேடுறவங்களுக்கு நான் சொல்றது: எஞ்சின் ஓடுதான்னு பார்க்கறதுக்கு முன்னாடி கண்ணாடி, கதவு, விளக்கு வளையம், டேஷ்போர்ட் மீட்டர், கைப்பிடி முழுசா இருக்கான்னு பாருங்க. ஓடாத எஞ்சினை ஓட வைக்கலாம். இல்லாத கதவை வர வைக்க முடியாது.

இன்னொரு விஷயம். கம்பெனி மூடினதும் குடோனில் இருக்கிற சரக்கு எங்கே போகுது? பெருங்களத்தூர்த் தொழிற்சாலையை 2006-இல் பிரிச்சப்போ, அங்கே கிடந்த ரோவர் எஸ்.டி.1 உதிரிகளை வாங்கிட்டுப் போனது யார் தெரியுமா? இங்கிலாந்து லிங்கன்ஷயரில் இருக்கிற ரிம்மர் பிரதர்ஸ். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரி விக்கறவங்க. நமக்குக் காயலான் சரக்கு, அவங்களுக்குப் பொக்கிஷம். நம்ம ஊர்ல தயாரான பாகத்தை நாமே பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கற நிலைமை வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெரால்ட் ஏன் இவ்வளவு வித்தியாசமான கார்?

1950களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்குக் கார் உடம்பு செஞ்சு குடுத்துட்டு இருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்கிற கம்பெனி. 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை வாங்கிடுச்சு. அடுத்த காருக்கு முழு உடம்பை ஒரே துண்டா அடிச்சுத் தர ஆள் இல்லை. அதனால பழைய முறைக்கே போனாங்க: கீழே தனி சேசிஸ், மேலே உடம்பைத் துண்டு துண்டா, வேற வேற இடத்துல செஞ்சு, போல்ட் போட்டுச் சேர்க்கறது. வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959-இல் வந்தது டிரையம்ஃப் ஹெரால்ட்.

வேற வழியில்லாமப் பண்ணின அந்த ஏற்பாடுதான் இன்னிக்கு நமக்கு வரம். மட்கார்டோட சேர்த்து முழு பானெட்டும் முன்பக்கமாத் தூக்கும். முன்சக்கரத்து டயர் மேலேயே உட்கார்ந்துட்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். ஒரு துண்டு துருப்பிடிச்சா அந்தத் துண்டை மட்டும் கழட்டலாம். ஸ்டியரிங் ஒடிப்பும் அபாரம், 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். சந்துக்குள்ள ஆட்டோ மாதிரி வளைக்கலாம்.

குறையும் இருக்கு. ஹெரால்டோட பின்சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்சில்' முறை. ஒவ்வொரு பக்கமும் ஆக்சில் நடுவில் ஒரு மூட்டில் மட்டும் அசையும், நம்ம கை தோளில் அசையற மாதிரி. பின்னாடி நாலு பேரும் மூட்டையும் ஏறினா சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாஞ்சு, கால் அகட்டி நிக்கற மாதிரித் தெரியும். வேகமா வளைவில் போய் திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா வண்டியோட பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும், வால் சறுக்கும். நம்ம ரோடுக்கும் நம்ம பாரத்துக்கும் இது சரிப்படலை. கேசலில் நேரான, திடமான பின் ஆக்சில் போட்டது அதனாலதான். சகோதரி, உங்க தாத்தா வண்டி அந்த விஷயத்துல என் வண்டியை விட நல்ல வண்டி.

ஒரு சொட்டு ஆயில்

ஹெரால்ட் குடும்பத்து வண்டி எது வச்சிருந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க. முன்சக்கரத்தைத் தாங்கற செங்குத்தான இரும்புத் தண்டு, கீழே ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள திருகாணி மாதிரி இறங்கியிருக்கும். அதுக்குப் பேர் ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகுதான் சுத்தும். அதில் கிரீஸ் அடிக்கற மாதிரியே ஒரு நிப்பிள் இருக்கும். எல்லாரும் கிரீஸ் அடிச்சுடுவாங்க. அது தப்பு. அங்கே போக வேண்டியது கெட்டியான கியர் ஆயில், இ.பி. 90. கிரீஸ் திருகோட அடி வரைக்கும் இறங்காது. ஒரு பக்கம் காஞ்சு போகும், தண்ணி நிக்கும், உள்ளேயே துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறியும்.

என் வண்டியில முறிஞ்சது. நல்லவேளை, வீட்டு வாசல்ல கேட்டுக்குள்ள திருப்பும்போது. சக்கரம் அப்படியே வெளிப்பக்கமா மடிஞ்சு, வண்டி மூக்கு தரையில உட்கார்ந்துடுச்சு. அம்மா பின்சீட்ல இருந்தாங்க. அரை மணி நேரம் முன்னாடி நாங்க பைபாஸ்ல 70-ல வந்துட்டு இருந்தோம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் தேடிப் பிடிச்ச மேஸ்திரிக்கு எழுபது வயசுக்கு மேல. சின்ன வயசில் ஹெரால்ட் வேலை மட்டுமே பார்த்தவர். முறிஞ்ச தண்டைக் கையில வாங்கிப் பார்த்தார். "தம்பி, இத்தனை வருஷமா இதுக்குள்ள கிரீஸ் அடிச்சிருக்காங்க. இதுக்கு ஆயில்தான் ஊத்தணும். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி." அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா வண்டி முறிஞ்சிருக்காது.

மூடிப்போன கம்பெனி வண்டியில முதல்ல தீர்ந்து போறது பாகம் இல்லை, இந்த மாதிரி அறிவு. அதனால அவர் வேலை செய்யும்போதெல்லாம், அவர்கிட்ட கேட்டுட்டு, போனில் வீடியோ எடுத்து வச்சிருக்கேன். உங்க ஊர்ல அப்படி ஒரு மேஸ்திரி இருந்தா இந்த வாரமே போய்ப் பாருங்க.

பேப்பர் இருக்கா?

இப்போ சட்டம். "வின்டேஜ்"ங்கற சொல்லை நாம எல்லாப் பழைய காருக்கும் சொல்றோம். கார் வரலாறு எழுதறவங்க கணக்குல வின்டேஜ்னா ஏறத்தாழ 1919 முதல் 1930 வரை செஞ்ச வண்டி. ஆனா நம்ம மத்திய அரசு 2021-இல் கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷத்துக்கு மேல ஆன, பெரிசா மாத்தாம அசல் வடிவத்திலேயே இருக்கிற, சொந்த உபயோகத்துக்கான வண்டி வின்டேஜ். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் மறுபதிவு 5,000. புதுசாப் பதியற வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்து வர்ற தனி நம்பர் வரிசை. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். டி.என். வர்றதுக்கு முன்னாடி இருந்த அந்த எம்-இல் தொடங்கற நம்பர் மேல நம்ம ஆளுங்களுக்கு இருக்கற பாசம் தெரியும்ல, அதுக்கு இது நல்ல சேதி.

ஆனா ஒரு கட்டுப்பாடு. வின்டேஜ்னு பதிஞ்சா தினமும் ஓட்ட முடியாது, வாடகைக்கு விட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போட, இந்த மாதிரி வேலைக்கு மட்டும்தான் ரோட்ல இறக்கலாம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகணும்னு ஆசைப்பட்டா, சாதாரணப் பதிவையே எஃப்.சி. பார்த்துப் புதுப்பிச்சுக்கறதுதான் வழி.

தாத்தா பேரில் ஆர்.சி. இருந்தா, முதல்ல பேர் மாத்தணும். வாரிசு வழி மாத்தறதுக்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம் வேணும். மத்த வாரிசுங்க கையெழுத்தையும் இப்பவே வாங்கி வச்சுக்குங்க. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்துல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பேப்பர் இல்லாத கேசலுக்கு உதிரி மதிப்பு மட்டும்தான். பேப்பர் உள்ள கேசல் ஒரு கார்.

சரி, குடுத்துடலாமா?

சகோதரிக்கு என் பதில். எடைக்கு மட்டும் குடுக்காதீங்க. நாலு கதவு, எல்லாக் கண்ணாடி, கிரில் இருக்குன்னு போட்டோவில தெரியுது. உங்க வண்டி ஓடவே ஓடாதுன்னாலும், இன்னும் மூணு நாலு கேசல் ரோட்ல ஓடறதுக்குத் தேவையானது அதுல இருக்கு. பழைய கார் வச்சிருக்கறவங்க சங்கங்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கு. அங்கே ஒரு தகவல் சொல்லுங்க. காயலான் கடைக்காரர் தர்ற விலைக்குக் கீழே யாரும் கேட்க மாட்டாங்க.

வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணினா, இடம் மாத்தறதுக்கு முன்னாடி சில வேலை. சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ரெண்டு மூணு நாள் ஊற விட்டு, அப்புறம் ஸ்பானர் போட்டுக் கையால சுத்திப் பாருங்க. டேங்கில் இருக்கற பழைய பெட்ரோலை முழுசா எடுத்துடுங்க. பெட்ரோல் டியூபையும் பம்ப் டயஃப்ரமையும் மாத்தாம இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலை ஊத்தாதீங்க, அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. புது இடத்துல வண்டியைக் கட்டை குடுத்துத் தூக்கி நிறுத்துங்க. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினா உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், பருத்தித் துணி போதும்.

வச்சுக்கறதுக்கு இடமும் இல்லை, பார்த்துக்க ஆளும் இல்லைன்னா, பார்த்துக்கற ஒருத்தருக்குக் குடுங்க. அதுல குத்த உணர்ச்சியே வேண்டாம். கொட்டகையில நின்னே மக்கிப் போறதை விட, வேற ஒருத்தர் வீட்டு வாசல்ல ஓடறது தாத்தாவுக்கும் பிடிக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

எங்க வீட்டு ஹெரால்ட் இப்போ ஓடுது. ட்ரன்னியன் ரெண்டும் புதுசு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காலண்டர்ல அம்மாவே தேதியைச் சுழிச்சு வச்சுடுவாங்க. ஆயில் ஊத்தியாச்சான்னு கேட்டுட்டுத்தான் வண்டியில ஏறுவாங்க.

சகோதரி, என்ன முடிவு பண்ணினீங்கன்னு எழுதுங்க. வேற யாராவது கேசல் வச்சிருந்து, பின்கதவு தேடிட்டு இருந்தா அவங்களும் எழுதுங்க. ரெண்டு பேரையும் பேச வைக்கறது என் பொறுப்பு. அடுத்த எபிசோடில் பெங்களூரில் பிறந்த இன்னொரு மறந்துபோன கம்பெனி, சிபானி. மூணு சக்கரத்துல ஓடின பாதலும், ஃபைபர் உடம்போட வந்த டால்ஃபினும்.